திருவல்லம் வரை தண்ணீர் குடிக்காமல்

காலேஜில் படித்த நாட்களில் என் ஓட்டத்துக்கு இருந்த ஒரே தடங்கல் என் குடும்பம்தான். முழங்கால் நன்றாக இருந்தது. மூச்சு நன்றாக இருந்தது. கேன்வாஸ் ஷூ கூட ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தது. குடும்பம்தான் சரியில்லை. கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் முறைத்துவிட்டு ஓடிப்போயிருப்பேன். இவர்கள் பிரியமானவர்கள். கேட்டைத் திறந்துபோட்டு, தோசைக்கல்லைக் காயவைத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். அதை எப்படித் தாண்டுவது?

நாங்கள் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். தாத்தா காலத்தில் திருவனந்தபுரத்துக்கு, சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் பண்ண வந்து, அப்படியே தங்கிவிட்டோம். அப்பாவுக்கு அங்கே கயிறும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிற கடை. எங்கள் வீடு ஆரியசாலையில். மற்றவர்கள் கல்யாணமாகி, பாகம் பிரிந்து, வாடகை கூடி ஒவ்வொருவராகத் தெற்கே நகர்ந்தார்கள். கிள்ளிப்பாலத்தில் பெரியப்பா. மணக்காட்டில் அத்தை. கமலேஸ்வரத்தில் சித்தப்பா. அம்பலத்தறையில் மாமா. திருவல்லம் போகிற ரோடு நெடுக, பஸ் ஸ்டாப் போட்ட மாதிரி எங்கள் ஆட்கள்.

நான் முதல் வருஷமே காலேஜ் கிராஸ் கன்ட்ரி டீமில் சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீண்ட ஓட்டம். அதில் வேகம் பெரிய விஷயமில்லை, நிற்காமல் ஓடி முடிப்பதுதான் விஷயம். சங்குமுகம் கடற்கரை ரோட்டில் ஓடலாம் என்று ஆசையாகத் திட்டம் போட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"சங்குமுகத்துல நமக்கு யாரு இருக்கா?" என்றார் அப்பா.

யாரும் இல்லை, அதனால்தான் அங்கே ஓடுகிறேன் என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.

"ஓடாதன்னு நான் சொல்லலை. நம்ம ஆளுவ இருக்கிற ரோட்டுல ஓடு. நாலு கண்ணு பாக்கணும். கேட்டியா?"

அந்த நாலு கண்தான் என்னைக் கொன்றது. எங்கள் ஆட்களுக்கு ஒரு சட்டம் உண்டு: சொந்தக்காரர் வீட்டு வாசல் வழியாகப் போகிறவர் உள்ளே ஏறாமல் போகக்கூடாது. போனால் அது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதற்குச் சமம். தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். முதல் ஞாயிறு மணக்காட்டு அத்தை நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரன் ஒருவன் தனக்குத்தான் கை காட்டுகிறாள் என்று ஓரமாக நிறுத்தினான். நான் தோசை தின்று, சாயா குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அடுத்த ஞாயிறு கமலேஸ்வரத்துச் சித்தப்பா. அவர் தோசை தரவில்லை, தோட்டத்து முருங்கைக்காயை ஒரு கட்டாகக் கட்டி என் தோளில் சாய்த்தார். அம்பலத்தறை மாமா வீட்டில் கொடுக்க வேண்டுமாம், போகிற வழிதானாம். அங்கே மாமாவும் மாமியும் இல்லை. கேட்டில் வைத்துவிட்டு வந்தால் மாடு தின்னும். நான் முருங்கைக்காயோடு திருவல்லம் பாலம் வரை ஓடினேன்.

பாலத்தில் பி.டி. சார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். பாறசாலைக்காரர், பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். என்னையும் என் தோளையும் பார்த்தார். "ஜாவலின் எறியான் வந்ததாணோ?" என்று, ஈட்டி எறியவா வந்தாய் என்கிற மாதிரி, கேட்டார். கேட்ட பிறகு சிரிக்கவும் இல்லை. அதுதான் வலித்தது.

யுனிவர்சிட்டி டீமுக்கு எங்கள் காலேஜிலிருந்து அனுப்ப இன்னும் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இடம் இருந்தது. அதற்கு நானும் ஹாஸ்டல் பெண் ஒருத்தியும் போட்டி. அவளைவிட நான் வேகம். அது சாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களை முழுசாக முடித்திருந்தாள், நான் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. அவளுக்கு இந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் கூடக் கிடையாது. அதை நினைத்து எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை.

சார் கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்தார். வருகிற ஞாயிறு கிள்ளியாற்றுப் பாலத்திலிருந்து கிளம்பி நிற்காமல் திருவல்லம் பாலம். அங்கே அவர் ஸ்கூட்டரோடு இருப்பார். திரும்பவும் நிற்காமல் கிள்ளியாற்றுப் பாலம். முடித்தால் என் பெயர், நின்றால் அவள் பெயர். "நின்னா அது ஓட்டம் அல்ல. விருந்து" என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு கவலை. பெரியப்பா ஓணத்துக்கு முன்னாலிருந்தே படுக்கையில். நெஞ்சில் நீர். டாக்டர், இனி எப்போது வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் கிள்ளிப்பாலத்தில் அவர் வீட்டில் கூடுவது வழக்கமாகிவிட்டது. அவரானால் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பார். "எல்லாம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேள். நான் ஒண்ணும் ரயில் இல்ல, நேரத்துக்குக் கிளம்ப" என்பார். அத்தைக்குத்தான் அந்தக் கிண்டல் பொறுக்காது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அந்த ஞாயிறு வந்தது. ராத்திரி முழுக்க மழை. என் ஒரே டிராக் சூட் கொடியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வீட்டில் போடுகிற பழைய சுடிதாரை மாட்டி, ஷாலை இடுப்பில் கட்டி, தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல், பொட்டு வைக்க மறந்து, விடிந்தும் விடியாத நேரத்தில் இறங்கினேன். மனசில் ஒரே முடிவு. நிற்க மாட்டேன். உள்ளே ஏற மாட்டேன். யார் என்ன நீட்டினாலும் வாங்க மாட்டேன்.

பாலத்தில் தொடங்கி, பெரியப்பா வீட்டைத் தாண்டும்போது அவர் அறை ஜன்னலில் லைட் எரிந்தது. அந்த நேரத்தில் எரியாது. கவனித்தேன், ஓடினேன்.

இந்த ரோட்டில் எனக்கு மறக்க ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஒன்று வந்து காலைப் பிடிக்கும். அட்டக்குளங்கரைக்கு முன்னால் அப்பா எனக்கு சைக்கிள் பழக்கிய இடம். பின்னால் பிடித்திருக்கிறேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டே கையை விட்டதும், நான் ஓடையில் விழுந்ததும், ஒரு கடைக்காரர் அப்பாவைத் திட்டியதும் அங்கேதான். அதைத் தாண்டினால் எங்கள் அம்மாவும் சித்தியும் ஒரு பட்டுப்புடவைக்காக நடுரோட்டில் சண்டை போட்ட ஜவுளிக்கடை. கடை இப்போது இல்லை, சண்டை இருக்கிறது.

அட்டக்குளங்கரை முக்கில் பெரியப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்களிடம் சாவுச் செய்திக்குத் துட்டி என்று பெயர். துட்டியை ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகவே கணக்கில்லை, வரவும் மாட்டார்கள். பெரியப்பாதான் குடும்பத்துக்கு அந்த வேலையைப் பார்த்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் என்னை ஸ்கூலில் விடப் போன வழியில் ஒரு துட்டி வந்து சேர்ந்தது. என்னை சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டே வீடு வீடாகப் போனார். சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றுவார். செத்துப்போனார் என்று வாயால் சொல்ல மாட்டார். "இன்னார் வீட்டுக்கு வாங்க" என்பார், அவ்வளவுதான். உள்ளே போகக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. காலை எடுத்து மிதித்துவிடுவார். மணக்காட்டு அத்தை அன்றைக்கு எனக்கு ஒரு ரஸ்க் நீட்டினாள். பெரியப்பா அவள் கையைத் தட்டிவிட்டார். நான் அந்த ரஸ்குக்காகக் கமலேஸ்வரம் வரை அழுதேன். அதுவரை துட்டி சொல்லப் போனபோது கூடவே அழுகைக்கும் ஆள் கொண்டுபோனது அவர் ஒருத்தர்தான் என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மணக்காடு வந்தது. அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"மக்களே, கேறி வா. தோசை ஊத்துதேன்."

நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று.

"வெள்ளமாவது குடிச்சிட்டுப் போட்டீ."

மறுபடியும் தலையை ஆட்டினேன். ஓடும்போது பேசினால் மூச்சு கெட்டுப்போகும். சாயங்காலம் எப்படியும் கிள்ளிப்பாலத்தில் பார்ப்போம், அங்கே வைத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, கிடைத்த மூச்சில், "பெரியப்பா வீட்டுக்கு வாங்க" என்றேன். ஓடிவிட்டேன். பின்னால் வாளி உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தோசை.

அன்றைக்கு எனக்கு வந்த குஷியை என்ன சொல்ல! அத்தையைத் தாண்டிவிட்டேன். இந்த ரோட்டில் அத்தையைத் தாண்டினவர்கள் கிடையாது. கமலேஸ்வரத்தில் சித்தப்பா படியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு கையைக் காட்டினார். அதையே நாலு வார்த்தைக்குள் முடித்தேன்: "சித்தப்பா, பெரியப்பா வீட்டுக்கு வாங்க." அம்பலத்தறையில் மாமி பைப்படியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே. மாமி குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். எனக்குப் பட்சணம் எடுக்கப் போகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

திருவல்லம் பாலத்தில் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் தோளைப் பார்த்தார். "இன்னைக்குக் காய்கறி ஒண்ணும் இல்லல்லோ" என்றார். பாலத்தின் ஓரச் சுவரான கைவரியைத் தொட்டுத் திரும்பினேன். ஸ்கூட்டர் பின்னால் மெதுவாக உருண்டு வந்தது. பாதி முடிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நிற்காமல் பாதி முடிந்தது.

அம்பலத்தறையில் மாமா வீடு பூட்டிக் கிடந்தது. பைப்படியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கமலேஸ்வரத்தில் சித்தப்பா வீடும் பூட்டு. படியில் பேப்பர் விரித்தபடி, அதன்மேல் பிரஷ். இதுவும் அதிர்ஷ்டமா என்று லேசாக ஒரு சந்தேகம் வந்தது.

மணக்காட்டு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோ பூக்கடையை விட்டுக் கிளம்பியது. உள்ளே அத்தையும் சித்தியும். அத்தை மடியில் பெரிய மாலை. என்னைப் பார்த்ததும் அத்தை ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"இன்னும் எங்கட்டீ ஓடுத? எல்லாருக்கும் சொல்லியாச்சுல்லா. உன் பெரியப்பா உன்னை எப்பிடிப் பாத்துக்கிட்டாரு. அவர் மூஞ்சியை வந்து பாரு, எடுக்கதுக்குள்ள."

ஆட்டோவுக்குப் பக்கமாகவே ஓடிக்கொண்டு, "எப்போ?" என்று கேட்டேன்.

"காலம்பறதான்."

ஆட்டோ வேகம் எடுத்துப் போய்விட்டது. காலையில் எரிந்த அந்த ஜன்னல் லைட் கண் முன்னால் வந்து நின்றது. சார் ஸ்கூட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து யார் என்று கேட்டார். பெரியப்பா என்றேன். அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. பின் சீட்டைத் தட்டினார். "கேறு" என்றார்.

நான் ஏறவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான். அட்டக்குளங்கரை, அதைத் தாண்டினால் கிள்ளிப்பாலம். ஓடியே போனால் என்ன? செத்தவருக்கு என்ன அவசரம்? வேறு எந்த ஞாயிறும் கிடைக்கவில்லையா இவருக்கு? ஓணத்திலிருந்து எத்தனை ஞாயிறு வந்து போனது, அப்போதெல்லாம் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் ஞாயிறு பார்த்தா போக வேண்டும்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மூச்சு வாங்கவே முடியாது. ஓடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அட்டக்குளங்கரை முக்கு வந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, என்னைப் பாரில் வைத்துக்கொண்டு அவர் நின்ற இடம். என் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. ஸ்கூட்டரில் ஏறினேன். கிள்ளிப்பாலம் வரை சாரின் சட்டை முதுகு என் கண்ணீரிலும் வியர்வையிலும் நனைந்தது.

பெரியப்பா வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. அத்தை எனக்குச் சற்று முன்னால் மாலையோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள். "என்னைப் பெத்த அண்ணாச்சி" என்று ஒப்பாரியைத் தொடங்கினாள். முதல் அடி முடியவில்லை, சட்டென்று நின்றது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன்.

பெரியப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எவம்டீ செத்தது?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவு பெரிய மாலை, இரண்டு பக்கமும் தெரிந்தது. சித்தப்பா வாயோரத்தில் பற்பசை இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. மாமி குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவோடு அப்பா ஏற்கனவே வந்திருந்தார். ஆரியசாலையிலிருந்து யாரோ சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நெற்றி நரம்பு துடித்தது. லைட் எரிந்தது ஏன் என்று பெரியம்மையிடம் கேட்டேன். ராத்திரி கொசு, தூங்கவில்லை, அவ்வளவுதான் என்றாள்.

விசாரணை தொடங்கியது. மாமா, மாமி சொன்னாள் என்றார். சித்தி, சித்தப்பா சொன்னார் என்றாள். எல்லா விரலும் சுற்றி வந்து என் பக்கம் நின்றன.

"நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கிட்ட அத்தைதான் சொன்னா" என்றேன்.

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. மாலையை முன்னால் கொண்டுவந்தாள்.

"உள்ள கேறல. வெள்ளம் குடிக்கல. போயிட்டு வாரேன்னு சொல்லல. தலையைப் பின்னல, நெத்தியில பொட்டு இல்ல. பெரியப்பா வீட்டுக்கு வாங்கன்னா. திரும்பிப் பாக்காமப் போனா. இதுக்கு மேல ஒருத்தி என்னத்தைச் சொல்லணும்?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பெரியப்பா இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினார். பெரியம்மை நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

"முறையாத்தான் சொல்லியிருக்கா. நான்கூட இவ்வளவு சுருக்கா சொன்னது கிடையாது" என்றார். "அந்த மாலையைக் கொண்டா. மணமாவது பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாசலில் நின்றிருந்த சாரிடம் போனேன். இதை நின்றதாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று வாதாடினேன். ஒருத்தர் செத்துவிட்டார் என்று சொன்னால் யாராக இருந்தாலும் நிற்கத்தான் செய்வார்கள், ஹாஸ்டல் பெண்ணும் நின்றிருப்பாள்.

"சரியாணு. பட்சே நின்னல்லோ" என்றார் சார். நியாயம்தான், ஆனாலும் நின்றது நின்றதுதானாம்.

அதற்குள் பெரியம்மை அவரை உள்ளே இழுத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவரைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. ஆக இது நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போக முடியுமா? அடுக்களையில் பெரிய உருளி ஏறியது. சித்தி தேங்காய் துருவ உட்கார்ந்தாள். சார் மடியில் தட்டும் தட்டில் புட்டுமாக இருந்தார். மாமா அவர் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டு, தன் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா என்று தொடங்கியிருந்தார். பையன் ஓடுவானா என்று சார் கேட்டார். ஓட மாட்டான், ஆனால் நன்றாகச் சாப்பிடுவான் என்று மாமா சொன்னதை நானே கேட்டேன்.

நான் வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்கா இவ்வளவு பாடு? அத்தையின் ரப்பர் செருப்பு. சித்தப்பாவின் தோல் செருப்பு, சித்தியுடையது. மாமா, மாமி. பெரியவர், சின்னவர், எல்லார் செருப்பும் இங்கே. எல்லாரும் இங்கே என்றால்?

ரோட்டில் யாரும் இல்லை.

திருவல்லம் வரை ஒரு வாசலில், ஒரு ஜன்னலில், எங்கள் ஆள் ஒருத்தர் கிடையாது. என் ஆயுசில் இப்படி ஒரு நாள் இனி வராது. உள்ளே போய் சாரிடம், இப்போதே மறுபடியும் ஓடுகிறேன், திருவல்லம் பாலத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஏற்கனவே ஓடிய கால், கெட்டுப்போகும் என்றார். போனால் போகட்டும் என்றேன். சரி, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

அப்பாதான் குறுக்கே வந்தார். "இப்போ ரோட்டுல நம்ம ஆளுவ ஒருத்தரும் இல்லியே. யாரு பாப்பா?"

"அதுனாலதாம்ப்பா போறேன்" என்றேன்.

நான் அப்பாவிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை என்று சொல்ல மாட்டேன், பேசுகிறவள்தான். ஆனால் இத்தனை பேர் முன்னால் பேசியதில்லை. அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா கட்டிலிலிருந்து சொன்னார்: "போகட்டும்டே. துட்டி சொன்னவ அதே வழியாப் போயி, இல்லன்னு சொல்லிட்டு வரட்டும். அதானே முறை."

யாரிடம் போய்ச் சொல்வது, எல்லாரும் இங்கேதானே இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்பா நகர்ந்து வழி விட்டார். நான் கிள்ளியாற்றுப் பாலத்துக்கு நடந்து போய், கைவரியைத் தொட்டு, கிளம்பினேன்.

மழை விட்ட வெயில் எப்படி இருக்கும் என்று திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ரோடு அவித்துக்கொண்டிருந்தது. கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தவை போல இருந்தன. ஆனால் என்ன சுகம்! அட்டக்குளங்கரையில் யாரும் கூப்பிடவில்லை. மணக்காட்டில் அத்தை வீட்டு கேட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த வீடு இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தை முன்னால் நின்றுகொண்டே இருந்ததால் இத்தனை வருஷம் வீடு கண்ணில் பட்டதில்லை. கமலேஸ்வரத்தில் சித்தப்பாவின் பேப்பரைக் காற்று பிரித்துக்கொண்டிருந்தது.

அம்பலத்தறைக்குக் கொஞ்சம் முன்னால் தாகம் எடுத்தது. சாதாரணத் தாகமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை நாள் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர், மோர், சாயா என்று நீட்டி நீட்டி உயிரை எடுத்தார்கள். இன்றைக்கு ஒரு வாய் தண்ணீருக்கு நாதியில்லை. மாமா வீட்டுப் பைப்படியில் குடம் இன்னும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குனிந்தால் போதும். ஆனால் குனிய வேண்டுமென்றால் நிற்க வேண்டும். அந்தக் குடத்தைத் திட்டினேன். மாமியைத் திட்டினேன். நிற்கக்கூடாது என்று சொன்ன சாரை, நாலு கண் வேண்டும் என்ற அப்பாவை, செத்ததாகச் சொல்லிச் சாகாமல் இருந்த பெரியப்பாவை எல்லாரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே ஓடினேன். திட்டினால் கால் கொஞ்சம் நகர்ந்தது.

திருவல்லம் பாலத்தில் சார் இல்லை. இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். என் பெரியம்மை விளம்புகிற இலையிலிருந்து எழுந்து வந்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த கைவரியில் உள்ளங்கையை நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டுத் திரும்பினேன். அம்பலத்தறை தாண்டின பிறகுதான் ஸ்கூட்டர் எதிரே வந்தது. ஏப்பம் விட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பினார். பாலத்தைத் தொட்டாயா என்று அவர் கேட்குமுன் கையைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளையாக இருந்தது.

கடைசித் தூரம் ஓட்டம் என்று சொல்ல முடியாது. விழுந்துவிடாமல் முன்னால் சாய்ந்துகொண்டே போனேன். அட்டக்குளங்கரை முக்கில் பல்லைக் கடித்தேன். கால் இந்தத் தடவை நிற்கவில்லை.

கிள்ளிப்பாலத்தில் குடும்பம் முழுக்க பெரியப்பா வீட்டு வாசலில். ஜன்னலில் பெரியப்பாவின் தலை. ரோட்டுக்கு நடுவில், வழக்கம்போல, அத்தை. கையில் ஸ்டீல் டம்ளர் நிறையத் தண்ணீர்.

"குடி. நீ குடிச்சாத்தான் எனக்குச் சமாதானம். இன்னொரு மட்டம் என்னால அழ முடியாது."

நிற்கவில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே டம்ளரைப் பிடுங்கினேன். பாதி சுடிதாரில் கொட்டியது, பாதி மூக்கில் போனது, மிச்சம் தொண்டையில் இறங்கியது. அத்தை, "குடிச்சிட்டா, குடிச்சிட்டா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அதையும் கையில் பிடித்துக்கொண்டே கிள்ளியாற்றுப் பாலம் வரை ஓடி, கைவரியைத் தொட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டார். என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"நின்னில்ல" என்றார். நிற்கவில்லை, கணக்கில் சேர்ந்தது. திங்கட்கிழமை யுனிவர்சிட்டிக்கு என் பெயர் போனது.

சந்தோஷமாக முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் புதுச் சட்டம் வந்தது. நான் ஓடிப்போகும்போது யாரும் மறிக்கக்கூடாது, தோசை கிடையாது, முருங்கைக்காய் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருத்தர் டம்ளரோடு நிற்பார்கள். நான் வாங்கி ஒரு மடக்காவது குடித்தே ஆக வேண்டும். குடிக்காமல் போனால் அவர்கள் ஆட்டோ பிடித்துவிடுவார்கள். போகும்போது நாலு வீடு, வரும்போது நாலு வீடு. வயிற்றில் தண்ணீர் குடத்துக்குள் போல ஆட, விலா பிடிக்க, அந்த சீசன் முழுக்க அப்படித்தான் ஓடினேன்.

பெரியம்மை மட்டும் அந்த முதல் டம்ளரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அது அவள் கல்யாணத்துக்கு வந்த செட்டாம், பேர் வெட்டியதாம். கொண்டுவந்து தருகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவேன். சாயங்காலம் போகும்போது மறந்துபோகும்; ஓடும்போது எப்படித் தருவது? தர வேண்டுமென்றால் உள்ளே ஏற வேண்டும்.